ஏ.எம்.எக்ஸ்-13: கித்தான் மடிப்பு ஒருவழியாக வசப்பட்டது

நான் செய்துவரும் ஏ.எம்.எக்ஸ்-13 என்ற பிரெஞ்சு இலகு டாங்கியின் 1/72 அளவு பிளாஸ்டிக் மாதிரியில், டரட் எனப்படும் சுழலும் பீரங்கிக் கூண்டைச் சுற்றி வரும் கித்தான் மடிப்பு, நான் மனத்தில் வைத்திருந்தபடியே அமைந்துவிட்டது. பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தாலும் அது பிளாஸ்டிக்காகத் தெரியாமல் துணியாகவே தெரிகிறது என்பதைக் கொஞ்சம் பெருமையோடுதான் எழுதுகிறேன். வண்டி இன்னும் முடியவில்லை. சங்கிலிப் பட்டை ஏறவில்லை, நிறம் பாதியில் நிற்கிறது. ஆனாலும் இதை உடனே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

இந்த வண்டி எங்கள் முசியேவுக்காகச் செய்யப்படுவது. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றிய புதுச்சேரியின் சொல்தா குடும்பம் ஒன்றில் பிறந்து, பிரெஞ்சு ராணுவப் பணிமனையில் இதே வகை டாங்கிகளைப் பழுதுபார்த்து, ஓய்வூதியத்தோடு முத்தியால்பேட்டைக்குத் திரும்பிய அவர்தான் மாதிரி வண்டிகள் செய்யும் எங்களில் பலருக்கும், காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். அவருக்கு விமானத்தில் ஏறிப் போருக்குப் போன டாங்கிகள் மீது தனி மோகம் இருந்தது. 1953-54 இல் பிரெஞ்சுக்காரர்கள் 10 சாஃபி என்ற அமெரிக்க இலகு டாங்கிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து வியட்நாமின் தியன் பியன் பூவுக்கு விமானத்தில் கொண்டுபோய் அங்கேயே மீண்டும் பூட்டியதையும், 1962 அக்டோபரில், சீனப் போரின்போது, நம் 20 லான்சர்ஸ் படைப்பிரிவின் ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கிகள் சண்டிகரிலிருந்து ஏ.என்-12 விமானங்களில் 14,000 அடிக்கும் மேல் உயரத்தில் உள்ள லடாக்கின் சுஷுலில் போய் இறங்கியதையும் அவர் எத்தனை முறை சொன்னாலும் நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம். அவருடைய முதலாம் ஆண்டு நினைவு நாளன்று அவர் வீட்டு மேசையில் இந்த வண்டிகளை வரிசையாக வைப்பதென்று முடிவு செய்து பங்கிட்டுக்கொண்டோம். சாஃபி இன்னொரு நண்பருக்குப் போயிற்று, சுஷுல் டாங்கி எனக்கு வந்தது.

இனி மடிப்பு. இந்த டாங்கியின் டரட் இரண்டு துண்டுகளால் ஆனது என்பதும், பீரங்கி மேல்துண்டில் அசையாமல் பொருத்தப்பட்டிருப்பதால் குழலை உயர்த்த வேண்டுமானால் மேல்துண்டு முழுவதுமே சாய வேண்டும் என்பதும் நமக்குத் தெரிந்ததே. அந்த இரண்டு துண்டுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மூடும் கித்தானை, மாதிரிக்கான பாகங்களைப் பெட்டியில் விற்கும் கிட் தயாரிப்பாளர்கள் ஒரே சீரான வளையங்களாக வார்த்துவிடுகிறார்கள். பீரங்கி கிடைமட்டமாக இருந்தால் அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நானோ குழலைச் சில டிகிரி உயர்த்தி வைக்க விரும்பினேன். அப்படி உயர்த்தினால் முன்பக்கத் துணி இழுபட்டு மடிப்புகள் விரிய வேண்டும். மேல்துண்டு சாய்வதற்கு அச்சாக இரு பக்கமும் உள்ள தாங்கு முளைகளை நெருங்க நெருங்க அவை குறுகி ஒன்றோடொன்று சேர வேண்டும். பின்பக்கம் கசங்கித் திரள வேண்டும். இந்த மூன்றும் ஒரே துண்டுத் துணியில் நிகழ்வதாகத் தெரியாவிட்டால், வேறு எது சரியாக இருந்தும் பயனில்லை.

வார்ப்பு வளையங்களை முழுவதுமாகச் சீவி எறிந்துவிட்டு, டரட்டின் இரு துண்டுகளையும் வேண்டிய சாய்வில் உள்ளிருந்து ஒரு பித்தளைக் கம்பியால் பிணைத்து உறுதியாக்கினேன். பசையில் நனைத்த டிஷ்யூ தாள் காய்ந்ததும் மடிப்பின் முனை மழுங்கிப்போகிறது; மருந்துக்கடையில் கிடைக்கும் காகித பிளாஸ்டரோ இந்த அளவுக்குத் தடிமன் அதிகம். கைகொடுத்தது, இரண்டு பகுதிகளைச் சேர்த்துப் பிசைந்தால் இறுகும் எபாக்சி புட்டிதான். அதைப் பிசைந்தவுடன் பயன்படுத்தக் கூடாது என்பதே இதன் சூட்சுமம். பிசுபிசுப்பு அடங்கும்வரை காத்திருந்து, மேலும் கீழும் டால்கம் பவுடர் தூவி, அப்பளம் இடுவதுபோல் மெல்லியதாக உருட்டி, புதிய பிளேடால் நாடாவாக வெட்டி எடுத்தேன். நாடாவின் மேல் விளிம்பை மட்டும் முதலில் ஒட்டி, கீழ் விளிம்பைச் சற்றே மேல்நோக்கித் தள்ளியபடி ஒட்டினால், தையல் ஊசியின் பக்கவாட்டால் மெல்ல அழுத்தும்போது மடிப்பு தானாகவே விழுகிறது. நாம் வரைந்த கோடாக இல்லாமல் பொருளே மடங்கிய மடிப்பாக இருப்பதால்தான் அதில் துணியின் தன்மை வருகிறது. ஊசி முனையை நீரில் தொட்டுக்கொள்ளாவிட்டால் புட்டி அதோடு கிளம்பி வந்துவிடும். தாங்கு முளைக்கு அருகே அரை மில்லிமீட்டருக்குள் மூன்று மடிப்புகள் சேருமிடத்தை எழுதி விளக்க முடியாது. அங்கே கைதான் பேச வேண்டும்.

பீரங்கிக் குழல் குறித்து ஒரு சொல். 75 மி.மீ. என்பது 1/72 இல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். மருந்துக்கடை 18 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் ஏறத்தாழ 1.27 மி.மீ. என்பதால் குழலின் முனைப்பகுதிக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. கடைசல் பிடித்த உலோகக் குழல் என்று சொல்லி வெளியூர் விற்பனையாளர் ஒருவர் வாங்கிய விலையில் ஒரு பெட்டி ஊசியே வாங்கியிருக்கலாம். வந்த குழலும் வளைந்திருந்தது.

நிறம் பாதியில் நிற்பதற்குக் காரணம் நம் ஊர்க் காற்று. கார்த்திகை மாதத்தில் கடலிலிருந்து நாலு தெரு தள்ளி உட்கார்ந்துகொண்டு லாக்கர் வண்ணத்தை அடித்தால், அது காய்வதற்குள் வெண்ணிறம் பூத்துவிடுகிறது. கம்ப்ரஸரின் நீர்ப்பிரிப்பானை எத்தனை முறை வடித்தாலும் அது மீண்டும் நிறைகிறது. கரும்பச்சையில் சிறிது வெள்ளை கலந்து, வெயில் ஏறிய பிறகு மெல்லிய படலங்களாக உடற்பகுதிக்கு மட்டும் அடித்திருக்கிறேன். கித்தானுக்குக் காக்கி கலந்த பழுப்பு நிறத்தைத் தூரிகையால்தான் தீட்டப்போகிறேன், ஏனெனில் இத்தனை பாடுபட்டுக் கிடைத்த மடிப்புகளை ஏர்பிரஷ் படலத்தால் நிரப்ப எனக்கு மனமில்லை.

இதற்கிடையில் அடுத்த வேலைக்கு மனம் தாவிவிட்டது. 1944 ஜூன் மாதம் நார்மண்டியில் டெட்ரார்க் என்ற பிரிட்டிஷ் இலகு டாங்கிகளைச் சுமந்து இறங்கிய, இயந்திரமில்லாத ஹாமில்கார் கிளைடர் விமானத்தையும் சேர்த்தால்தான் முசியேயின் வரிசை நிறைவடையும் என்பது என் கட்சி. 1/72 அளவில் டாங்கி தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதாக இருக்கும். ஆனால் கிளைடரின் இறக்கை அகலம் மட்டும் 46 செ.மீ.யைத் தாண்டும். பால்சா பலகையை வாங்கி வைத்துவிட்டேன். அலமாரியில் எந்தத் தட்டைக் காலி செய்வது என்பதில்தான் வீட்டில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.