லாக் புத்தகத்தில் ஒரு வரி

செங்கடலில் அன்றிரவு எங்கள் கப்பலின் நீராவி அழுத்தத்தைக் குறைய விட்டது சரிதான் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அதற்குக் காரணமாக 'கரி மோசம்' என்று லாக் புத்தகத்தில், அதாவது அன்றாடப் பதிவேட்டில், நான் எழுதியதும், அதைப் பற்றி மறுநாள் காலை உலை ஆட்களின் தலைவரான சேரங் என்னிடம் கேட்டதும்தான் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை உறுத்துகின்றன.

1958 ஜூலை. சூயஸைக் கடந்து ஏடனை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். கோடையில் அங்கே காற்று வடக்கிலிருந்து வீசும். தெற்கே பத்து நாட் (மணிக்குப் பத்துக் கடல் மைல்) வேகத்தில் போகும் கப்பலுக்கு அது பின்னாலேயே, ஏறத்தாழ அதே வேகத்தில் வரும். காற்றுக்குழல்களை எந்தப் பக்கம் திருப்பினாலும் பாய்லர்களுக்குக் கரி அள்ளிப் போடும் உலைக்கூடத்துக்குள் மூச்சளவு காற்றுகூட இறங்காது. எங்கள் கப்பல் 1943-இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் கட்டப்பட்டது. போர்க்காலப் போக்குவரத்து அமைச்சகத்துக்காக 'எம்பயர்' என்று தொடங்கும் பெயருடன் நீரில் இறங்கி, போருக்குப் பின் விற்கப்பட்டுப் பெயர் மாறியது. பீரங்கிக்காகப் பின்தளத்தில் போட்ட இரும்பு மேடை அப்போதும் அப்படியே இருந்தது. நீராவி மூன்று சிலிண்டர்களில் அடுத்தடுத்து விரியும், 2,500 குதிரைத்திறன் கொண்ட மூவிரிவு எஞ்சின். 70 அங்குல விட்டமுள்ள கடைசி சிலிண்டர். அதே குடும்பத்து எஞ்சினைத்தான் அமெரிக்கர்கள் 2,700-க்கும் மேற்பட்ட லிபர்ட்டி சரக்குக் கப்பல்களில் பொருத்தினார்கள். ஆனால் அவற்றின் பாய்லர்களுக்கு எண்ணெய் ஊற்றினார்கள். எங்களுடையவை கரி தின்பவை. டார்பிடோவுக்குத் தப்பிச் சில பயணங்கள் போய்வந்தாலே போதும் என்ற அவசரத்தில் கட்டப்பட்ட அந்தக் கப்பல்கள் இருபது ஆண்டுகள் உழைத்தன என்றால், அதற்குச் சண்டர்லாந்துக்காரர்களின் கைத்திறன் எவ்வளவு காரணமோ, உலை முன் நின்றவர்களின் உடம்பும் அவ்வளவு காரணம்.

நான் நான்காம் பொறியாளன். இரவு எட்டு முதல் பன்னிரண்டு வரை என் வாட்ச், அதாவது என் பணிமுறை. பத்தரை மணியளவில், உலையைச் சுத்தம் செய்து கசடுக்கட்டிகளை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த கிழக்கு வங்கத்துச் சில்ஹெட் இளைஞன் ஒருவன் சாம்பல்மேட்டின் மீதே சரிந்தான். அவனை மேல்தளத்துக்குத் தூக்கிப் போகச் சொன்னேன். மற்றவர்களை முறைவைத்துக் காற்று வாங்கி வரச் சொன்னேன். சதுர அங்குலத்துக்கு 220 பவுண்டில் நிற்க வேண்டிய அழுத்தமானியின் முள் 170-க்கு இறங்கியது. ஓர் உயிரைவிட இரண்டு நாட் வேகம் பெரிதல்ல என்பதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்க வேண்டியிருந்தது லாக் புத்தகத்தின் முன்னால்தான். ஆள் விழுந்தான் என்று எழுதினால், இரண்டாம் பொறியாளர் அதை 'ஆள் தகுதியற்றவன்' என்றே படிப்பார். கல்கத்தாவில் கணக்குத் தீர்க்கும்போது அது அவனுடைய பணிச் சான்றேட்டில் ஏறும். அடுத்த கப்பல் கிடைக்காது. கரியில் தூள் அதிகம் இருந்ததும் உண்மைதான். ஆகவே அதை எழுதினேன்.

காலையில் சேரங் என்னைத் தேடி வந்தார். என் தந்தையின் வயதுக்காரர். போரின்போது இதே வகைக் கப்பல்களில் வேலை பார்த்தவர். "சார் சாப், கரி மோசம் என்று எழுதினீர்களாமே?" என்று கேட்டார். நான்காம் பொறியாளரை அவர்கள் அழைக்கும் பெயர் அது. அவருடைய ஆட்களைக் காப்பாற்றவே எழுதினேன் என்று விளக்கினேன். "இதைவிட மோசமான கரியை எரித்து முள்ளை நிறுத்தியவர்கள் நாங்கள். பையன் சூட்டில் விழுந்தான். விழுந்ததை எழுதியிருக்கலாமே" என்றார். குரலில் கோபம் இல்லை. மறுமொழிக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

அவர் தம் ஆட்களின் திறமைக்காகப் பேசினார் என்றே அப்போது எடுத்துக்கொண்டேன். ஊரிலிருந்து உறவினர்களையும் அண்டை வீட்டுப் பையன்களையும் அழைத்து வருபவருக்குக் 'கரி மோசம்' என்பது தம் குழுவின் மீதான குறையாகத் தோன்றியிருக்கலாம். பிறகு வேறு விதமாகவும் தோன்றத் தொடங்கியது. அந்தப் போரில் இறந்த பிரிக்கப்படாத இந்தியாவின் வணிகக் கப்பல் மாலுமிகள் 6,000-க்கும் மேற்பட்டவர்கள். அவர்களுடைய பெயர்கள் பம்பாயிலும் சிட்டகாங்கிலும் உள்ள நினைவேடுகளில் இருக்கின்றன. உயிரோடு திரும்பியவர்கள் பட்ட பாட்டுக்கு ஏடு எங்கே? எங்கள் லாக் புத்தகத்தில் கடல்நீரின் வெப்பத்துக்கு ஒரு கட்டம் உண்டு, இயந்திர அறையின் வெப்பத்துக்கும் உண்டு, உலைக்கூடத்துக்குக் கிடையாது. குறிப்புக்கென்று விடப்பட்ட அந்த ஒற்றை வரியில்தான் அந்தப் பையனுக்கு இடம் இருந்தது. அதில் கரியை எழுதினேன்.

எழுதியிருந்தால் கேப்டன் கப்பலைச் சற்று நேரம் காற்றுக்கு எதிராகத் திருப்பியிருக்கக்கூடும். செங்கடலில் அப்படிச் செய்வது அந்நாளில் வழக்கம்தான். எரிச்சலோடு அவனைக் கரைக்கு அனுப்பியிருக்கவும் கூடும். சேரங்குக்கு இரண்டும் தெரியும், தெரிந்தேதான் கேட்டார். அவனுடைய பிழைப்பை முடிவு செய்யும் உரிமை எனக்கு இருந்ததா, அல்லது அவனை அழைத்து வந்த அவரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டுமா என்ற இடத்தில்தான் என் நியாயங்கள் நின்றுவிடுகின்றன. அடுத்த வாட்ச்சில் அவரே உலைக்கூடத்துக்கு இறங்கி வந்து நின்றார். முள் 220-ஐ விட்டு அசையவில்லை. எத்தனை பேர் எத்தனை முறை மேலே போய் மூச்சு வாங்கி வந்தார்கள் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை.