வலிப்பு மாதிரி இருக்கும், ஆனால் வலிப்பு இல்லை

நடந்துகொண்டிருந்த நாய் சட்டென்று நின்றுவிடுகிறது. ஒரு பின்னங்கால் மடங்கி வயிற்றோடு ஒட்டிக்கொள்கிறது, முதுகு வில்லாக வளைகிறது. அடியெடுத்து வைக்கப் பார்த்துச் சாய்ந்து விழுகிறது. பார்ப்பவர் வாயில் முதலில் வரும் வார்த்தை ‘ஃபிட்ஸ்’. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதன் கண் உங்களைத் தேடுகிறது. தவழ்ந்தாவது உங்களிடம் வரப் பார்க்கிறது. அந்தக் கண்ணைக் கவனியுங்கள், பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

நினைவு தப்பாமல், தசைகள் மட்டும் திடீரென்று கட்டுப்பாடின்றி முறுக்கி விடும் இதை பராக்சிஸ்மல் டிஸ்கைனீசியா என்பார்கள். முழு உடம்பு வலிப்பில் நினைவு தப்பும், வாயில் எச்சில் வழியும், சிறுநீரோ மலமோ போய்விடலாம். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் அடங்கும். அதன் பிறகு நாய் திசை தெரியாமல் சுவரில் முட்டும், வெறிபிடித்த மாதிரி சாப்பிடும், சில நேரம் கண்ணே தெரியாது. டிஸ்கைனீசியாவில் இந்தக் குழப்பம் வராது. சில நிமிடமோ சில மணி நேரமோ முறுக்கிக் கிடந்த நாய், விட்டதும் எழுந்து ஒன்றும் நடக்காததுபோல் போய்விடும். ஒன்று மட்டும்: மூளையின் ஒரு பகுதியில் மட்டும் வரும் வலிப்பிலும் நினைவு இருக்கலாம். அதனால் வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

மருத்துவருக்கு உங்கள் விவரிப்பைவிட வீடியோ பெரிய உதவி. முதலில் முழு உடம்பும் நான்கு கால்களும் தெரிய எடுங்கள். பிறகு முகத்தை நெருக்கமாக, பத்து விநாடியாவது. பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் பதிவாகட்டும். அடங்கிய பின் உடனே நிறுத்தாமல் இன்னும் ஐந்து நிமிடம் எடுங்கள்; நோயைப் பிரித்தறிய மிகவும் உதவும் பகுதி அதுதான், பலரும் விட்டுவிடுவதும் அதுதான். வாய்க்குள் கையை விடாதீர்கள். நாய் நாக்கை விழுங்காது, உங்கள் விரல்தான் போகும்.

தலை மட்டும் ‘ஆமாம்’ அல்லது ‘இல்லை’ என்பதுபோல் ஆடினால், அதுவும் புல்டாக், பாக்சர், டோபர்மேன் என்றால், பிடித்த தின்பண்டத்தை மூக்கருகே காட்டிப் பாருங்கள். கவனம் திரும்பியதும் ஆட்டம் நின்றால் அது பெரும்பாலும் தீங்கில்லாத தலைநடுக்கம். தூக்கத்திலும் ஒரே தசை தாளம் தப்பாமல் துடித்தால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயை நினைக்க வேண்டும். பாலூட்டும் தாய்நாய் நடுங்கி விறைத்தால் கால்சியம் குறைந்திருக்கலாம். அது அவசரம், காத்திருக்கக் கூடாது. தளர்ந்து சரிந்து, ஈறு வெளுத்து, சில விநாடியில் எழுந்தால் இதயத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

இனத்தையும் பார்க்க வேண்டும். கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியலில் வரும், விறைத்து விழவைக்கும் எபிசோடிக் ஃபாலிங், பிகேன் (BCAN) என்ற மரபணுவின் குறையால் வருவது. டிஎன்ஏ சோதனையில் தெரியும். பார்டர் டெரியரில் குளூட்டன் என்ற தானியப் புரதத்துக்கும் இந்த முறுக்கலுக்கும் தொடர்பு உண்டு. கோதுமை, பார்லி, ரை மூன்றையும் அடியோடு நிறுத்தினால் பல நாய்களில் குறைகிறது. இங்கேதான் தவறு நடக்கிறது: உணவை மாற்றுவார்கள், பிஸ்கட்டும் பல் மெல்லும் குச்சியும் அப்படியே தொடரும். பிறகு ‘பலன் இல்லை’ என்பார்கள். ஒரு துண்டும் போகாமல் சில மாதம் கண்டிப்பாக இருந்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும்.

டிஸ்கைனீசியாவை வலிப்பு என்று எண்ணி ஃபீனோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்தை ஆரம்பித்தால் பெரும்பாலும் கேட்காது. கேட்கவில்லை என்று அளவு ஏறும். நாய் மயங்கிக் கிடக்கும், அதிகம் தின்னும், கல்லீரலும் பாதிக்கப்படலாம். அதற்காக நீங்களாக மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்தினாலே உண்மையான வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்கிற வேகத்தில்தான் குறைக்க வேண்டும்.

நினைவில்லாத நிலை ஐந்து நிமிடம் தாண்டினாலோ, 24 மணி நேரத்தில் இரண்டு முறை வந்தாலோ, வீடியோவை மறந்துவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.