நியூகாசில் கடிதம்

நவம்பர் 3, 2025

நியூகாசிலில் உள்ள பிரிட்டிஷ் அரசு பென்ஷன் அலுவலகத்திலிருந்து லைஃப் சர்டிபிகேட் வந்திருக்கிறது. உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு, சாட்சியும் பிடித்துத் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பென்ஷன் நின்றுபோகலாம். ரயில்வேயில் ரிட்டயரான மாடி வீட்டு சார் நேற்றே போனில் முகத்தைக் காட்டி, இங்கத்திய உயிர்ச் சான்றான ஜீவன் பிரமாணை முடித்துவிட்டார்.

நவம்பர் 5

வங்கியில் மேலாளர் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வெளிநாட்டுப் பேப்பர்ல நாங்க கையெழுத்து போடறதில்ல சார்" என்றார். பதினைந்து வருஷமாக அங்கே கணக்கு வைத்திருக்கிறேன். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

நவம்பர் 6

ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து பழைய கடிதங்களை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். லண்டன் ஈஸ்ட் ஹாமில் 35 வருஷம் கடை நடத்தி, ஒரு வருஷம் விடாமல் நேஷனல் இன்சூரன்ஸ் ஸ்டாம்ப், அதாவது அரசு பென்ஷனுக்கான சந்தா, கட்டினேன். 2019-ல் பென்ஷன் ஆரம்பித்தபோது வாரம் 168.60 பவுண்டு. அதே வருஷம் மயிலாப்பூருக்கு வந்துவிட்டோம். இன்றைக்கும் அதே 168.60தான். அங்கேயே இருந்திருந்தால் 230.25. நாலு வாரத்துக்கு ஒரு தடவை வரும் பணத்தில் 246 பவுண்டுக்கு மேல் குறைகிறது. எங்கள் இருவரின் மருந்துச் செலவுக்கு அது தாராளமாகப் போதும்.

பிலிப்பைன்ஸில் போய்க் குடியேறிய பிரிட்டிஷ் பென்ஷன்காரருக்கு வருஷா வருஷம் உயர்வு உண்டு, அமெரிக்காவிலும் உண்டு. இந்தியா, கனடா, ஆஸ்திரேலியா என்றால் கிடையாது. உயர்வு தருவதற்கு அந்தந்த நாட்டோடு ஒப்பந்தம் இல்லை என்பது காரணமாம். மகள் வீட்டுக்கு லண்டன் போனால் அங்கே இருக்கும் நாட்களுக்கு மட்டும் கூட்டித் தருவார்கள். திரும்பி வந்தால் பழைய தொகை. இதை எதிர்த்துப் போட்ட வழக்கில் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2010-ல் கைவிரித்துவிட்டது. ரயில்வே சாருக்கு ஜூலையிலிருந்து பஞ்சப்படி 58 சதவீதம். அவருக்குக் கிடைப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். விலைவாசி இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதானே என்பதுதான் என் கேள்வி.

நவம்பர் 8

எதிர்வீட்டு வக்கீல் அம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். அப்புறம், "ஐயா, தேதியை மறந்துட்டீங்களே" என்று பேனாவை என்னிடம் நீட்டினார். காசு பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, காபிதான் கொடுத்தார்.

நவம்பர் 10

மயிலாப்பூர் தலைமை அஞ்சலகத்தில் ஸ்பீட் போஸ்ட் செய்து, ரசீதை பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிட்டேன். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்பதால் ஈஸ்ட் ஹாமில் எனக்கு இன்னும் ஓட்டுரிமை உண்டு. சாயங்காலம் அந்தத் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியில் 168.60 என்று மட்டும் எழுதியிருக்கிறேன். மீதி நாளைக்கு.