சிறு கேமராவும் சாய்ந்த மரமும்: நவம்பர் நாட்குறிப்பு

நவம்பர் 3, திங்கள்

அக்காவின் மருத்துவப் பரிசோதனை அறிக்கை வர ஒரு வாரமோ பத்து நாளோ ஆகுமாம்.

காலையில் காட்டுக்குள் போனேன். வானம் முழுக்க மேகம். வெயில் இருந்தால் மரங்களுக்கடியில் திட்டுத்திட்டாக விழும். திட்டு வெளுத்துப்போகும், அதன் பக்கத்து நிழல் கறுத்துப்போகும், இரண்டையும் ஒரே படத்தில் காப்பாற்றுவது பெரும்பாடு. மேகம் மூடினால் ஒளி எல்லாப் பக்கமும் சமமாக இறங்குகிறது. மரப்பட்டையின் வெடிப்புகள்கூடத் தெரிகின்றன.

சாய்ந்த மரத்தை இன்றும் எடுத்தேன். பின்னால் நிற்கும் நேர்மரம் அதன் தோளோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. இரண்டும் சேர்ந்து ஒரே கருப்புக் கட்டையாகிவிடுகின்றன.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. போகவில்லை. அத்தான் இரண்டு முறை அழைத்தார், இரண்டு முறையும் புதிதாக ஒன்றும் இல்லை.

நவம்பர் 5, புதன்

“இதைவிடப் பெரிய கேமரா வாங்கக் கூடாதா?” என்று அத்தான் நேற்றிரவு கேட்டார். பேச்சை மாற்றத்தான் கேட்டார் என்று தெரியும். ஆனாலும் முழுப் பதிலையும் சொன்னேன். அவரும் கடைசிவரை கேட்டார். எங்கள் இருவருக்குமே அது தேவைப்பட்டது.

சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

என்னுடையது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகை. ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து 2008ஆம் ஆண்டு அறிவித்த அமைப்பு. அதன் சென்சார், அதாவது ஒளியைப் பதியும் சில்லு, 17.3 மி.மீ. அகலம், 13 மி.மீ. உயரம். பழைய 35 மி.மீ. படச்சுருள் அளவிலான முழுச்சட்டக கேமராவின் சென்சார் 36-க்கு 24 மி.மீ. பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் என் கையில் இருக்கிறது. இருட்டில் இரைச்சல் அதிகம் என்பது உண்மை. ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணை உயர்த்தினால் நிழல்கள் புள்ளி புள்ளியாகப் பொரிந்துபோகின்றன. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் காட்டில் வேண்டியது வேறு. முன்னால் பெரணி, நடுவில் அடிமரம், பின்னால் இன்னும் பத்து மரம், எல்லாமே தெளிவாக இருக்க வேண்டும். அதற்குக் கூர்மை ஆழம் வேண்டும். ஒரே காட்சிக் கோணத்துக்குச் சென்சார் சிறுத்தால் லென்ஸின் குவியத் தூரமும் சிறுக்கிறது. ஆழம் தானாகக் கூடுகிறது. எஃப் எண் கூடினால் லென்ஸின் துளை சுருங்கும், ஆழம் கூடும். இங்கே எஃப்/5.6 வைத்தால் கிடைக்கும் ஆழத்துக்கு முழுச்சட்டகத்தில் எஃப்/11 வைக்க வேண்டும். மங்கலான காட்டில் அந்த இரண்டு நிறுத்தம், அதாவது நான்கு மடங்கு ஒளி, பெரிய வித்தியாசம்.

1932ஆம் ஆண்டு ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் உள்ளிட்ட சில புகைப்படக் கலைஞர்கள் சான் பிரான்சிஸ்கோவில் தங்கள் குழுவுக்கு ‘எஃப்/64’ என்று பெயர் வைத்தார்கள். முன்னும் பின்னும் எல்லாம் கூர்மையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. 8-க்கு 10 அங்குல ஃபிலிம் படலத்தில் எஃப்/64 தரும் ஆழத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே காட்சிக் கோணத்தில், என் கேமராவில் ஏறத்தாழ எஃப்/4.5! பெட்டி பெட்டியாகச் சுமந்து, துளையை அவ்வளவு சுருக்கி, நொடிக்கணக்கில் காத்திருந்து அவர்கள் பெற்ற ஆழம் என் சட்டைப்பை லென்ஸில் சாதாரணமாகக் கிடைக்கிறது. படலத்தின் செறிவு கிடைக்காது, அது வேறு. ஆழம் கிடைக்கிறது.

அதற்காக எஃப்/16-க்குப் போகவும் கூடாது. துளை சுருங்கச் சுருங்க ஒளி அதன் விளிம்பில் விலகிப் பரவி நுணுக்கத்தைக் கரைத்துவிடும். இந்த அளவுச் சென்சாரில் எஃப்/11 தாண்டினாலே கண்ணுக்குத் தெரிகிறது. நான் எஃப்/5.6-க்கும் எஃப்/8-க்கும் நடுவில் குடியிருக்கிறேன்.

அத்தான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் சிறியதே போதும்” என்றார். அப்புறம் வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

நவம்பர் 6, வியாழன்

இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

இரவெல்லாம் பெய்து விடியலில் விட்டது. மழை நின்ற கையோடு போக வேண்டும், காய்ந்தபின் பயனில்லை.

அடிமரத்தில் சாம்பல் நிறத்தில் படர்ந்திருந்த மரப்பாசித் திட்டு இன்று பச்சை. அது பாசி அல்ல, பூஞ்சையும் ஆல்காவும் கூடி வாழும் லைக்கன். காய்ந்திருக்கும்போது அதன் மேல்தோல் ஒளியை மறைக்கிறது. நனைந்தால் தோல் கண்ணாடிபோல் தெளிந்து உள்ளே இருக்கும் ஆல்காவின் பச்சை வெளியே வருகிறது. ஒரு கையகலத் திட்டின் முன் முழங்காலிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விளிம்பில் நகத்தளவு மடிப்புகள். ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் ஒரு நீர்த்துளி விழவா வேண்டாமா என்று நின்றது. துளிக்குள் காடு தலைகீழாக இருந்தது.

போலரைசரை மாட்டினேன். நனைந்த இலைமேல் வானம் பிரதிபலித்து வெள்ளைப் பூச்சு பூசியிருக்கும். வடிகட்டியை மெல்லச் சுழற்றினால் அந்தப் பூச்சு விலகி அசல் பச்சை வரும். முழுதாக விலக்கக் கூடாது என்பது என் கட்சி. பளபளப்பு அத்தனையும் போனால் இலை நனைந்ததே தெரியாது, செத்துப்போகிறது. பாதியில் நிறுத்துகிறேன். ஒன்று, ஒன்றரை நிறுத்தம் ஒளியை அது விழுங்குவதால் ஷட்டர் அரை நொடிக்கு இறங்கியது.

அரை நொடி! கையில் பிடித்தே எடுத்தேன். சென்சாரே அசைந்து கைநடுக்கத்தைச் சரிசெய்கிறது. அடிமரம் கல்வெட்டுப்போலத் தெளிவு. ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு என் கையைத்தான் தெரியும், இலையைத் தெரியாது. காற்று அசைத்தால் இலை கலங்கத்தான் செய்யும். அதனால் முக்காலியில் வைத்தாலும் சரி, கையில் பிடித்தாலும் சரி, காற்று ஓய வேண்டும். காற்றுக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமை இருக்கிறது. தொலைபேசிக்கு இல்லை.

நவம்பர் 8, சனி

இன்று எடுத்த எதுவும் படமே இல்லை. எங்கு பார்த்தாலும் குச்சி. மரத்தின் மேல் கிளை, கிளையின் மேல் கொடி, கொடியின் பின்னால் வானத்தின் வெள்ளை ஓட்டைகள். கண் நேரில் பார்க்கும்போது மரத்தைப் பிரித்து எடுத்துக்கொள்கிறது, ஏனென்றால் நாம் இரண்டு கண்ணால் ஆழம் பார்க்கிறோம், நடக்கிறோம், தலையைச் சாய்க்கிறோம். கேமரா ஒற்றைக் கண்ணால் எல்லாவற்றையும் ஒரே தளத்தில் அப்பிவிடுகிறது. மலையையோ கடலையோ எடுப்பவர்களுக்கு இந்தத் துன்பம் இல்லை.

வானத்தின் வெள்ளை ஓட்டைகள்தான் பெரிய பகை. பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் ஓடும். அகலக் கோண லென்ஸைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டேன். இனி குறுகிய கோணம் காட்டும் 45 மி.மீ. லென்ஸ் மட்டும். முழுச்சட்டகக் கணக்கில் 90. வானத்தை வெட்டிவிடலாம், வேண்டாத பாதியை வெளியே நிறுத்தலாம்.

காலையிலிருந்து மணி அடிக்கவே இல்லை. சனிக்கிழமை அறிக்கை தருவார்களா மாட்டார்களா? கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

நவம்பர் 9, ஞாயிறு

அக்காவுடன் இருந்தேன். கேமராவின் பின்திரையில் படங்களைக் காட்டினேன். வேகமாகத் தள்ளிக்கொண்டே வந்தவள் சாய்ந்த மரத்தில் நின்றாள்.

“இவை இரண்டும் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கின்றன?”

“பின்னால் இருப்பது வேறு மரம், அக்கா. தள்ளித்தான் நிற்கிறது.”

“அப்படியென்றால் நீ தள்ளி நின்றிருக்க வேண்டும். இடப்பக்கம் இடம் இல்லையா?”

இடப்பக்கம் ஒரு பள்ளம், புதர். அதைச் சொல்லவில்லை. அவள் விரலால் திரையில் இரண்டு மரத்துக்கும் நடுவே ஒரு கோடு இழுத்தாள். விரல் எவ்வளவு மெலிந்திருக்கிறது.

“நன்றாக வந்தால் எனக்கு ஒன்று போட்டுக் கொடு. இந்தச் சுவரில் மாட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.”

நவம்பர் 10, திங்கள்

தூக்கம் வராமல் எலியட் போர்ட்டரின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1901இல் பிறந்தவர், மருத்துவம் படித்தவர், ஆய்வு வேலையை விட்டுவிட்டுக் கேமராவோடு போனவர். காட்டின் வண்ணத்தை இவரளவு மதித்தவர்கள் குறைவு. பிரம்மாண்டமான காட்சி எதையும் தேடவில்லை. நாலு தண்டு, கொஞ்சம் இலை, ஒரு நீரோடையின் ஓரம். ஆனால் எந்தக் கிளையும் இன்னொன்றை இடிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. தாளில் அச்சிடுவதற்கும் ஒவ்வொரு சாயத்தையும் தனித்தனியே ஏற்றும் டை டிரான்ஸ்ஃபர் முறையைக் கையாண்டார். அவ்வளவு நிதானம்.

மருத்துவம் படித்த ஒருவர் அறிக்கைகளை எப்படிப் படிப்பார் என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மூடுபனி!

ஐந்தரைக்கே கிளம்பிவிட்டேன். கைக்கெட்டும் மரம் கருப்பு, அடுத்தது சாம்பல், அதற்கடுத்தது பால், அப்புறம் ஒன்றுமே இல்லை. பனித்துளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. மரம் எவ்வளவு தூரமோ அவ்வளவு துளிகள் நடுவில், அவ்வளவு வெளுப்பு. சனிக்கிழமை என்னைப் பாடாய்ப் படுத்திய குச்சிகளெல்லாம் எங்கே போயின என்றே தெரியவில்லை. வானத்தின் ஓட்டைகளும் அடைபட்டுவிட்டன.

கண்வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றினேன். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா தரும் வசதிகளில் எனக்கு மிகப் பிடித்தது இது. பதப்படுத்தாத ரா கோப்பில் வண்ணம் அப்படியே பத்திரமாக இருக்கும், கண்ணுக்கு மட்டும் வண்ணம் போய்விடும். பச்சை மேல் மயங்காமல் எது இருட்டு, எது வெளிச்சம், எதோடு எது ஒட்டுகிறது என்று மட்டும் பார்க்கலாம்.

ஒளி அளவை அப்படியே நம்பினால் பனி அழுக்குச் சாம்பலாகிவிடும், கேமரா எல்லாவற்றையும் நடுச்சாம்பலுக்கு இழுக்கும். ஒரு நிறுத்தம் கூட்டினேன். ஒளியின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வெளிச்சப் பக்கமான வலப்பக்கம் நகர்ந்தது, விளிம்பில் முட்டவில்லை. வெள்ளைச் சமநிலையைப் பகல் ஒளியில் பூட்டினேன். தானாக விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும். ஃபோகஸ் பனியில் பிடிமானம் இல்லாமல் முன்னும் பின்னும் தேடியது. கையால் திருப்பி, பெரிதாக்கிப் பார்த்து, சாய்ந்த மரத்தின் பட்டை விளிம்பில் நிறுத்தினேன்.

அப்புறம் இடப்பக்கம். பள்ளத்தில் இறங்கினேன். கணுக்கால் வரை சருகுச் சேறு. பெரிய கேமராவும் பெரிய முக்காலியுமாக அங்கே இறங்கியிருக்க முடியாது. ஒரு கையால் புதரைத் தள்ளிக்கொண்டு மறுகையால் கேமராவைப் பிடித்திருந்தேன். ஒரு அடி. இன்னும் ஒட்டியிருந்தது. இன்னொரு அரை அடி, கொஞ்சம் குனிந்து. நேர்மரம் மெல்ல விலகியது. இரண்டுக்கும் நடுவே ஒரு வெளிச்ச இடைவெளி திறந்தது. அக்கா விரலால் இழுத்த அதே இடத்தில்!

உயரவாக்கில் எடுத்தேன். 4:3 விகிதம் மரங்களுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. 3:2இல் உயரவாக்கில் பிடித்தால் மேலே ஒரு துண்டு வெறுமையாக மிஞ்சும். எஃப்/5.6, கால் நொடி, ஐஎஸ்ஓ 200. காற்றே இல்லை.

கேமராவைப் பைக்குள் மூடியபடியே வீட்டுக்குள் கொண்டுவந்தேன். குளிர்ந்த கேமராவைச் சட்டென்று வெதுவெதுப்பான அறையில் திறந்தால் லென்ஸுக்குள்ளும் ஈரம் படியும். ஒரு மணி நேரம் பைக்குள்ளேயே கிடக்கட்டும் என்று விட்டேன். திறக்காமல் இருப்பது கடினமாகத்தான் இருந்தது.

வந்துவிட்டது. இரண்டு மரம், தனித்தனியாக.

நவம்பர் 12, புதன்

அழைத்தார்கள். அறிக்கை வந்திருக்கிறதாம். மருத்துவர் நேரில் பேச வேண்டுமாம். வெள்ளிக்கிழமை.

நவம்பர் 13, வியாழன்

நேரில் ஏன்? நல்ல செய்தி என்றால் தொலைபேசியிலேயே சொல்லியிருப்பார்களே என்கிறேன். எல்லோரையும் நேரில்தான் வரச் சொல்வார்கள், அது நடைமுறை என்கிறார் அத்தான். அவர் குரலில் அந்த நடைமுறையின் மேல் நம்பிக்கை இல்லை. அக்கா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. படம் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டாள்.

அதனால் மதியம் முழுக்க அதில் உட்கார்ந்தேன். 5184-க்கு 3888 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 வீதம் அச்சிட்டால் 17 அங்குல உயரம், 13 அங்குல அகலம். அந்தச் சுவருக்குத் தாராளம். சிறு சென்சார் என்று சொல்பவர்கள் இந்த அச்சை ஒரு முறை கையில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

நிழலைத் தூக்கவில்லை. தூக்கினால் அடிமரத்தில் இரைச்சல் வரும் என்பது ஒரு பக்கம். அது கருப்பாக இருந்தால்தான் பின்னால் இருப்பது பனி என்று தெரியும் என்பது இன்னொரு பக்கம். கூர்மையைக் கொஞ்சம் கூட்டினேன், பட்டைக்கு மட்டும். பனிக்குக் கூர்மை தேவையில்லை, அதில் ஏற்றினால் புள்ளிகள்தான் எழும்பும். மேல் இடது மூலையில் ஒரு கிளைநுனி உள்ளே எட்டிப் பார்க்கிறது. வெட்டலாமா, இருக்கட்டுமா? வெட்டினால் சாய்ந்த மரத்தின் தலை விளிம்போடு நெருங்கிவிடும். வெகுநேரம் அதையே பார்த்தேன். இருக்கட்டும்.

நேரில் ஏன்?

மினுமினுப்பில்லாத தாள்தான் சரி. எதிரே சன்னல் இருக்கிறது, பளபளத் தாள் என்றால் படுக்கையிலிருந்து பார்க்கும்போது சன்னல்தான் தெரியும், மரம் தெரியாது.

கோப்பை அச்சுக்கு அனுப்பிவிட்டேன். நாளை பிற்பகல் தருவார்கள். மருத்துவரிடம் பத்து மணிக்கு. அத்தான் ஒன்பதுக்கு வருகிறார், பழைய அறிக்கைகளையெல்லாம் நான்தான் எடுத்து வைக்க வேண்டும், அந்தப் பச்சைக் கோப்பு அலமாரியில்