குதிகாலும் குதிரையும்

எழுபதுகளில் நம் பள்ளியில் படித்தவர்களுக்கு ஓவிய ஆசிரியரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பின்னால் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: குதிரையையும் நாயையும் தவிர வேறெதையும் அவர் மனம் ஒன்றி வரைந்து நான் பார்த்ததில்லை. பாடத்தில் இருந்த பூந்தொட்டியைக் கரும்பலகையில் இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டுக் குதிரைக்குப் போய்விடுவார்.

எட்டாம் வகுப்பில் நான் வரைந்த குதிரையின் பின்னங்கால், மனிதனின் முழங்காலைப் போல முன்பக்கமாக மடங்கியிருந்தது. அவர் திட்டவில்லை, பெஞ்சுக்கு அடியில் குனிந்து, சாக்பீஸ் படிந்த விரலால் என் குதிகாலைத் தொட்டு, "பின்னாடி மடங்கித் தெரியுதே, அது இதுதாண்டா. முட்டி வயித்துக்கிட்ட இருக்கு. குதிகால் தெரியாதவனுக்குக் குதிரை வராது" என்றார். குதிரை ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரலின் நுனியில் நிற்கிறது, குளம்பு என்பது அந்த விரலின் நகம், நாயும் விரல்களை ஊன்றியே நடக்கிறது என்பதெல்லாம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை மதுரை மீனாட்சி கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்துக்கு அழைத்துப் போய், தையல் மிஷின்களின் சத்தத்துக்கு நடுவே, முன்னங்கால்களைத் தூக்கி எழும்பி நிற்கும் கற்குதிரைகளை வரையச் சொல்வார். அவர் மட்டும் ஜட்கா வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய், லாடம் அடிப்பவர் மடக்கிப் பிடித்த காலையே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஏறி வரும் தங்கக் குதிரையை ஏன் வரைவதில்லை என்று கேட்டதற்கு, "அது சாமி வாகனம், அதுக்கு மூச்சு வாங்காது" என்றார்.

வீட்டில் அவர் வளர்த்தது சிப்பிப்பாறை நாய். முயல் வேட்டைக்குப் பேர்போன அந்த இனத்துக்கு ஒட்டிய வயிறும் தெரியும் விலாவுமே லட்சணம். தம் நாயைப் படமாக எழுதித் தரச் சொன்ன ஒரு செல்வந்தர், படத்தைக் கண்டதும் கொஞ்சம் சதை போடும்படி கேட்டாராம். ஆசிரியர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருடைய சம்பளம் எவ்வளவு என்பது எங்களுக்குத் தெரியும் என்பதால், அந்தச் செய்தி வகுப்பில் பல நாள் பேசப்பட்டது.

லண்டனுக்கு வந்த முதல் ஆண்டில், தேசிய ஓவியக் கூடத்தில் ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1762 வாக்கில் வரைந்த 'விசில்ஜாக்கெட்' என்னும் பந்தயக் குதிரையின் எதிரில் நின்றேன். ஏறத்தாழ 3 மீட்டர் உயரமுள்ள அந்தப் படத்தில் சவாரி செய்பவரும் இல்லை, பின்னணிக் காட்சியும் இல்லை. குதிரை மட்டும் புது மண்டபத்துக் கற்குதிரையைப் போல எழும்பி நிற்கிறது. லிங்கன்ஷயரின் ஹார்க்ஸ்டோ கிராமத்தில் சுமார் 18 மாதங்கள் இறந்த குதிரைகளை அறுத்துப் பார்த்து, குதிரையின் உடற்கூறு பற்றி 1766இல் நூலே வெளியிட்டவர் ஸ்டப்ஸ். அவர் கத்தியால் அறிந்ததை நம் ஆசிரியர் லாடக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்தே அறிந்தார். எல்லோரும் குதிரையின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க, என் பார்வை முதலில் போனது பின்னங்கால்களுக்குத்தான்.

அந்தப் படம் அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்றை அவருக்கு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து வந்த பதிலில் இரண்டே வரிகள் இருந்தன: "குதிகால் சரி. இவர் நாய் வரைந்திருக்கிறாரா என்று விசாரித்து எழுதவும்."