அப்பத்தாவுக்கும் சேத்துத்தான் அந்த கவுன்சிலிங்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். எங்க வீட்டுப் பிள்ளை ஒண்ணுக்கு நடந்த விசயம். பேரு, ஊரு, என்ன வகுப்பு எதுவும் சொல்ல மாட்டேன், பிள்ளை யாருன்னு வெளிய தெரியக் கூடாதுன்னு பிள்ளைகள பாலியல் கொடுமையில இருந்து காப்பாத்துற போக்சோ சட்டத்துலயே இருக்கு, சட்டம் இல்லாட்டியும் சொல்ல மாட்டேன். சில விவரத்த மாத்தியும் இருக்கேன். காரைக்குடிப் பக்கம்னு மட்டும் வச்சுக்கங்க.

பிள்ளையோட அப்பா அம்மா வெளிநாட்டுல. இங்க எங்கம்மா, அதாவது அவளோட அப்பத்தாதான் வளக்குறாக. முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு வீட்டத் தொறந்து பங்காளிக எல்லாம் கூடியிருந்த நாலு நாள்ல, சொந்தக்காரன் ஒருத்தனாலதான் அது நடந்துச்சு. எங்க வீடுக எப்படின்னு தெரியும்ல, முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு உள்ள போயிக்கிட்டே இருக்கும், யாரு எங்க இருக்காகன்னே தெரியாது, சொந்தம்தானேன்னு யாரும் பாக்குறதும் இல்ல. அதுக்கப்பறம் ராத்திரி படுக்கைய நனைக்க ஆரம்பிச்சா, வயித்து வலின்னு பள்ளிக்கூடம் போகல. மூணு வாரம் கழிச்சு ஒரு நாள் விளக்க அணைச்சதும் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு எங்கிட்ட சொன்னா.

மறுநாள் பிள்ளைகளுக்கான உதவி நம்பர் 1098க்கு போன் பண்ணேன். "பொம்பளப்புள்ள, நாளைக்கு கட்டிக்குடுக்க வேணாமா, வீட்டோட பேசி முடிச்சுருவோம்"னு சொன்ன பெரியவுக இருந்தாக. தெரிஞ்சும் சொல்லாம மறைச்சா அதுவே குத்தம்னு நான் சட்டம் பேசுனப்பறம்தான் வாய மூடுனாக. ஸ்டேசனுக்குப் பிள்ளையக் கூட்டிட்டுப் போகவே இல்ல. பெண் எஸ்ஐ ஒருத்தக சேல கட்டிக்கிட்டு வீட்டுக்கே வந்து, பட்டாலையில பிள்ளை பக்கத்துல உக்காந்து எழுதிக்கிட்டாக. யூனிபார்ம் போடாமத்தான் வரணும், அதுவும் சட்டம். குழந்தைகள் நலக் குழுவுல இருந்து சப்போர்ட் பர்சன்னு ஒரு அக்காவையும் போட்டாக, கோர்ட்டு முடியுற வரைக்கும் கூட நிக்கிறதுக்கு. இது 2020ல வந்த போக்சோ விதியில இருக்கு, நம்மளாவும் கேட்டு வாங்கலாம், நெறைய பேருக்குத் தெரியல.

நான் எழுத வந்தது அதுக்கப்பறம் நடந்ததப் பத்தி. சனிக்கிழமையானா மதுரைக்கு கவுன்சிலிங். பிள்ளையக் கொண்டுபோய் விட்டா சரி பண்ணி அனுப்பிருவாகன்னுதான் நெனச்சேன். மொத நாளே அந்த கவுன்சிலர் பொண்ணு, "தினம் யார்கூட இருக்கா? அவுகளும் வரணும்"னு சொல்லிருச்சு. ட்ராமா ஃபோகஸ்டு சிபிடின்னு பேரு, அதிர்ச்சியில இருந்து மீள யோசனையையும் பழக்கத்தையும் மெதுவா மாத்துற பேச்சு வைத்தியம், கோஹன், மன்னரினோ, டெப்லிங்கர்னு மூணு பேரு அமெரிக்காவுல உண்டாக்குன முறையாம். பெரும்பாலும் 12ல இருந்து 16 வாரம் ஆகும், பிள்ளைக்குப் பாதி நேரம்னா வளக்குறவுகளுக்கும் பாதி நேரம்.

அம்மா வரமாட்டேன்னாக. எங்கம்மா விசயம் தெரிஞ்சதுல இருந்தே சரியா சாப்பிடல, தூங்கல, நம்ம காவல்ல இருந்த பிள்ளைன்னு தன்னையே தின்னுக்கிட்டு இருந்தாக, ஆனா அது வெளிய வந்ததெல்லாம் பிள்ளை மேல ஏச்சாத்தான் வந்துச்சு. திண்ணையில உக்காராத, வாசலுக்குப் போகாத, ஏன் அன்னைக்கே சொல்லல, ஏன் கத்தல, தினம் இதே கேள்வி. பிள்ளை என்ன நெனச்சிருக்கு தெரியுமா, நான்தான் தப்பு பண்ணேன், அதான் அப்பத்தா வையிறாகன்னு. அந்தப் பொண்ணு இத எங்கம்மாகிட்ட மெதுவா சொல்ல, அம்மா அங்கேயே முந்தானைய வாயில வச்சு அழுதாக.

அங்க இருந்துதான் எல்லாம் மாறுச்சு. பிள்ளைக்கு சோப்பு முட்டை ஊதி மூச்ச மெதுவா விடச் சொல்லிக்குடுத்தாக, அப்பத்தாவுக்கும் அதே சோப்பு முட்டைதான். பயம் எப்படி இருக்குன்னு கேட்டதுக்கு பிள்ளை, "வயித்துக்குள்ள பல்லாங்குழி சோழியக் கொட்டுன மாதிரி"ன்னா, அப்பறம் வீட்டுலயும் இன்னைக்கு எத்தன சோழின்னுதான் பேச்சு. அப்பத்தாவுக்கு வீட்டுப்பாடம் வேற, துருவிக் கேக்கக் கூடாது, நேரத்துக்கு சாப்பாடு நேரத்துக்கு தூக்கம், தினம் ஒரு நல்ல விசயத்தையாவது பாத்து மெச்சணும்.

கவுன்சிலிங்கோட கடைசி வாரங்கள்ல பிள்ளை நடந்தத கொஞ்சம் கொஞ்சமா ஒரு நோட்டுல எழுதுனா. ஒரே நாள்ல இல்ல, பல வாரம். அத அவ அப்பத்தா முன்னாடி வாசிக்கிறதுக்கு முந்தியே கவுன்சிலர் எங்கம்மாகிட்ட தனியா ரெண்டு வாட்டி வாசிச்சுக் காட்டுனாக, பிள்ளை முன்னாடி ஒடஞ்சு போகக் கூடாதுன்னு. அன்னைக்கு அம்மா ஒடையல. கேட்டு முடிச்சு, "நீ சொன்னது நல்லதுடா கண்ணு, ஒம்மேல ஒரு தப்பும் இல்ல"ன்னாக. இந்த ஒரு வரிய அன்னைக்குப் போறப்ப பஸ்ஸுல திருப்பத்தூர்ல இருந்து மேலூர் வரைக்கும் முணுமுணுத்துக்கிட்டே வந்தாக, நான் பாத்தேன். திரும்பி வர்றப்ப மேலூர்ல பிள்ளை வெள்ளரிப்பிஞ்சு கேட்டு வாங்கித் தின்னா.

கேஸ் இன்னும் நடக்குது. வக்கீல் கேள்வி எல்லாம் ஜட்ஜ் மூலமாத்தான் வரும், அவன் மூஞ்சிய நீ பாக்க வேண்டியதில்லன்னு சப்போர்ட் பர்சன் அக்கா பிள்ளைக்குச் சொல்லி வச்சிருக்காக. சில ராத்திரி இப்பவும் எந்திரிச்சு உக்காந்துக்கிறா, இப்பல்லாம் அப்பத்தா கேள்வி கேக்காம பக்கத்துல உக்காந்துக்கிறாக.

போன வாரம் பக்கத்து வீதி ஆச்சி ஒருத்தக வந்து முகப்புல அம்மாகிட்ட தணிஞ்ச குரல்ல ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாக. என்னன்னு நான் கேக்கல. கொஞ்ச நேரத்துல அம்மா உள்ள வந்து, "அந்த பத்து ஒம்பது எட்டு நம்பர ஒரு தாள்ல பெருசா எழுதிக்குடு, அவுகளுக்குக் கண்ணு தெரியாது"ன்னாக.