எடுக்க முடியாமற்போன படங்கள்

கொழும்பில் ஒரு பல் வைத்தியப் பிரிவின் எக்ஸ்றே அறையில் நான் பணிக்குச் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவற்றுள் மூன்று ஆண்டுகள், முரசு (ஈறு) நோயால் தாடை எலும்பு தேய்வதைப் பற்றிய ஓர் ஆய்வுக்குப் படம் எடுப்பதிலும் எடுத்த படங்களைக் கணினித் திரையில் அளப்பதிலும் கழிந்தன. ஆய்வு முடிந்துவிட்டது. எங்களுக்குக் கிடைத்த படங்களைப் பற்றி எழுதவேண்டியதை எல்லாம் என் மேலதிகாரிகள் எழுதிவிட்டார்கள். கிடைக்காமற்போன படங்களைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

நாங்கள் அளந்தது மிகச் சிறிய ஒரு தூரம். பல்லின் மிளிரி (எனாமல்) முடியும் கழுத்துப் பகுதியிலிருந்து, அந்தப் பல்லைத் தாங்கி நிற்கும் எலும்பின் உச்சி வரையிலான இடைவெளி அது. நோயற்ற வாயில் அது ஏறத்தாழ 2 மி.மீ.க்குள் அடங்கும், முரசு நோய் முற்ற முற்ற எலும்பு கீழிறங்கி, இடைவெளி கூடும். மில்லிமீற்றரின் பின்னங்களில் பேசும் அளவு என்பதால் படம் எடுக்கும் கோணத்தில் சிறு பிழைகூட ஆகாது. வாய்க்குள் வைத்துக் கதிரைப் படமாக்கும் உணரியைப் பல்லின் நீள அச்சுக்கு இணையாக நிறுத்தி, கதிரைச் செங்குத்தாக விழச் செய்ய வேண்டும். அதற்கென ஒரு பிடிகருவி உண்டு. நோயாளி அதைக் கடித்துப் பிடித்துக்கொண்டால் கோணம் தானாக அமையும். 1896 ஜனவரியில், ரொன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தபோது, ஜெர்மனியைச் சேர்ந்த ஒட்டோ வல்கொஃப் தன் சொந்தப் பற்களைப் படம் எடுப்பதற்காக 25 நிமிடம் அசையாமல் இருந்தார். இன்று ஒரு நொடியின் சிறு பகுதி போதும். இருந்தாலும் அந்தச் சிறு பகுதிக்கு முன்னால் வாய் திறக்க வேண்டும்.

ஆய்வின் நெறிமுறைக் கோவையில் ஒரு வரி இருந்தது: தரமான படம் பெற முடியாத பங்குபற்றுநர்கள் ஆய்விலிருந்து விலக்கப்படுவர். தொடக்கத்தில் அதை நான் நியாயமான விதியாகவே ஏற்றுக்கொண்டேன். மங்கிய படத்தை அளந்து பொய்யான எண்ணை எழுதுவதைவிட அந்த எண்ணே இல்லாதிருப்பது மேல் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் பதிவேட்டில் அப்படிப்பட்டவர்களின் இலக்கத்துக்கு எதிரே ‘படம் இல்லை’ என்ற இரண்டு சொற்களை எழுதிவிட்டு அடுத்தவரை அழைப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தை ஒரு காலைப்பொழுது குலைத்தது.

அன்று வந்தவர் கொட்டாஞ்சேனையில் மகளுடைய வீட்டில் தங்கியிருந்த, ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். கீழ்க் கொடுப்புப் பற்களின் படம் எனக்கு வேண்டும். உணரியைப் பிடிகருவியில் பொருத்தி, வாயைப் பெரிதாகத் திறக்கச் சொன்னேன். அவர் திறந்தார், போதவில்லை. இன்னும் கொஞ்சம் என்றேன். கழுத்து நரம்பு புடைக்க முயன்றார், அதே அளவுதான். வழமையான பெரியவர் அளவுப் படத்தகடு 41க்கு 31 மி.மீ.; உணரி உறையோடு சேர்த்து இன்னும் சற்றுத் தடிப்பு. கடைவாயில் அதைக் கிடையாக நிறுத்தவேண்டும். சரித்து உள்ளே விடப் பார்த்தேன். கன்னத்தின் உட்புறம் தோல்வாரைப்போல விறைத்து, என் கையுறை விரலைத் திருப்பித் தள்ளியது.

“இம்புட்டுத்தான் மிஸ் தொறக்குது,” என்றார் அவர், ஏதோ தவறு செய்துவிட்டவரைப்போல. “நாலஞ்சு வருசமா இப்படித்தான். ஒறப்பா எதையும் வாயில வைக்க ஏலாது, எரியுது. சோத்துல ரசத்த ஊத்திப் பெசஞ்சு உள்ள தள்ளிக்கிறேன்.”

அவருடைய வினாக்கொத்தை எடுத்துப் பார்த்தேன். ‘வெற்றிலை மெல்லும் பழக்கம் உள்ளதா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று குறிக்கப்பட்டிருந்தது. அவரிடமே கேட்டேன்.

“வெத்தல போடுறதில்ல மிஸ், அதெல்லாம் எப்பவோ விட்டாச்சி. வெறும் பாக்குத்தான். அது இல்லாட்டி வேல ஓடாது.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. தமிழில் ‘வெற்றிலை போடுதல்’ என்றால் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, வேண்டுமானால் புகையிலை எல்லாம் சேர்ந்த ஒரு செயல். வெறும் பாக்கைக் கன்னத்தில் அதக்கி வைப்பது அதில் சேராது. ஆங்கிலத்தில் தயாரான கேள்வியைத் தமிழாக்கியவர்கள் அந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை. தினமும் அந்தப் படிவத்தைக் கையில் எடுத்த நானும் கவனிக்கவில்லை. வாயை இறுக்கி மூடும் அந்த நோய்க்கு வேர் வெற்றிலையிலோ புகையிலையிலோ இல்லை, பாக்கில்தான் இருக்கிறது. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருள், வாயின் உட்சவ்வுக்கு அடியில் நார்ப்பொருள் அளவுக்கு மீறிப் படியத் தூண்டுகிறது. சவ்வு வெளிறி, இறுகி, வடம்போலத் திரள்கிறது, காரம் எரிகிறது, வாய் மெல்ல மெல்லக் குறுகுகிறது. இது புற்றுநோய்க்கு முன்னோடியாகக் கூடிய நிலை. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், புகையிலை சேராத பாக்கும் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று வகைப்படுத்தி 2004 இல் அறிக்கை வெளியிட்டது. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான் என்பதை எங்கள் பிரிவில் அறியாதவர் இல்லை. கேள்வியின் சொல் பிழைத்தால் அந்த அறிவால் யாருக்கும் பயனில்லை.

வேனியர் இடுக்கிமானியால் அவருடைய மேல், கீழ் வெட்டுப்பற்களுக்கு இடையே அளந்தேன்: 19 மி.மீ. பெரியவர்களுக்குப் பொதுவாக 40 மி.மீ. அளவில் இருக்கும், தன் மூன்று விரல்களைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று எவரும் பார்த்துக்கொள்ளலாம். அந்த அம்மாவுக்கு ஒரு விரலே சிரமம். அடுத்த அறையிலிருந்த வைத்தியரை அழைத்தேன். அவர் கன்னத்துக்குள் விரலால் தடவிப் பார்த்து, அன்றே வோட் பிளேஸில் உள்ள தேசிய பல் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். எனக்கு வேண்டிய படம் கிடைக்கவில்லை. அந்த நோயின் நார்ப்படிவு எக்ஸ்றேயில் தெரிவதும் இல்லை. படம் கிடைத்திருந்தால் எலும்பை அளந்து எண்ணை எழுதி அவரை அனுப்பியிருப்பேன் என்பதை நினைக்கையில் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

அன்று மாலை பதிவேட்டை முதற்பக்கத்திலிருந்து புரட்டினேன். ‘படம் இல்லை’ என்ற வரிகள் நான் எண்ணியிருந்ததைவிட அதிகம். அவற்றுக்கு எதிரே காரணம் எழுதப்படவில்லை. அதற்கு ஒரு நிரலே இருக்கவில்லை. ஆனால் சிலர் என் நினைவில் இருந்தார்கள். உணரி நாவடியில் பட்டதும் ஓங்கரித்தவர்கள், கை நடுக்கத்தால் அசைந்தவர்கள், கடித்துப் பிடிக்க எதிர்ப்பல் இல்லாதவர்கள். முரசு நோய் மிக முற்றியவர்களிடம்தான் பற்கள் ஆடுகின்றன, விழுகின்றன. அவர்களால்தான் பிடிகருவியைக் கடிக்க முடிவதில்லை. நாங்கள் எந்த நோயைத் தேடினோமோ, அதன் கடுமையான வடிவமே எங்கள் விதியின் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. மிஞ்சியவர்களின் சராசரி, உண்மையைவிட நல்லதாகத்தான் இருக்கும்.

இந்த எண்ணத்தோடு மலையகத்தில் நடந்த அந்தப் பெயர்பெற்ற ஆய்வை மறுபடி படித்தேன். ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டு ஆய்வாளரும் குழுவினரும் 1969 இல் ஒஸ்லோவில் மாணவர்களையும் கல்வியாளர்களையும், 1970 இல் இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களையும் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். பல் வைத்தியமே எட்டாத, பல் துலக்கும் வழக்கம் இல்லாத தொழிலாளர்களிடம் முரசு நோய் இயல்பாக எப்படி வளர்கிறது என்று காண்பதே நோக்கம். 1986 இல் வெளியான முடிவு இன்றும் பாடப்புத்தகங்களில் உள்ளது: ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கு நோய் விரைவாக வளர்ந்தது, 81 சதவீதத்தினருக்கு மிதமாக, 11 சதவீதத்தினருக்கு முரசு வீக்கத்துக்கு மேல் வளரவே இல்லை. ஒரே விதமான வாய்ச் சூழல் உள்ளவர்களும் ஒரே அளவில் நோயுறுவதில்லை என்று உலகம் கற்றுக்கொண்டது அந்தத் தொழிலாளர்களிடமிருந்துதான். அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியாது, பல்லைத்தான் தெரியும்.

ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் பரிசோதனைக்குக் கிடைத்தவர்கள் 161 பேர். 2010 இல் மறுபடி தேடியபோது கிடைத்தவர்கள் 75 பேர். நீண்டகால ஆய்வுகளில் ஆள் குறைவது வழமை. தமிழ் வாசகருக்கு 1970 முதல் 1985 வரையான ஆண்டுகள் வெறும் இடைவெளி அல்ல. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகக் குடும்பங்கள் இந்தியாவுக்கெனத் தலைமன்னாரில் கப்பலேறிய ஆண்டுகள் அவை; 1977, 1983 வன்செயல்களும் அவற்றுக்குள் அடங்குகின்றன. ஆய்வாளர்கள் கிடைத்தவர்களை நேர்மையாக எண்ணிக் கூறியிருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்குக் குறையில்லை. இருப்பினும் 480க்கும் 161க்கும் இடையில் நிற்கும் 319 பேரைக் கடந்து என்னால் அடுத்த அட்டவணைக்குப் போக முடியவில்லை.

அடுத்த வாரக் கூட்டத்தில் என் பதிவேட்டைக் கொண்டுபோய் வைத்தேன். முதலில் எழுந்த யோசனை, கிடைக்காத படங்களை மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்பது. அதை நான் மறுத்தேன். வாய்க்குள் எடுக்கும் படங்களோடு நாங்கள் எடுத்த முழுத்தாடைப் படம் ஒன்றின் கதிர்வீச்சளவுகூடப் பெரும்பாலும் 0.01 முதல் 0.03 மில்லிசீவேட் வரைதான். இயற்கையிலிருந்து உலக மனிதர் ஆண்டொன்றுக்குச் சராசரியாகப் பெறுவது 2.4 மில்லிசீவேட். பல் படங்களின் அளவு சிறிதுதான். எனினும் சிகிச்சைக்குத் தேவைப்படாத கதிரை, அட்டவணையின் கட்டத்தை நிரப்புவதற்காக ஒருவர் மேல் மறுபடியும் செலுத்துவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. வெறும் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும், ஏன் வெறுமை என்பதை மட்டும் எழுதுவோம் என்றேன். தலைமை ஆய்வாளர் சற்று யோசித்து ஒப்புக்கொண்டார். நெறிமுறைத் திருத்தம் அறநெறிக் குழுவின் அனுமதிக்குப் போய் வந்தது. காரணத்துக்கென ஒரு நிரல், எல்லாருக்கும் வாய் திறப்பின் அளவு, பாக்கு, வெற்றிலை, புகையிலை, பீடா ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கேள்விகள் என்பவை சேர்ந்தன.

காரணங்களை எழுதத் தொடங்கியபின் சில காரணங்கள் தாமாகவே தீர்ந்தன. முழுத்தாடைப் படத்தில் கருவி தலையைச் சுற்றி வருவதால், கழுத்திலும் காதிலும் உள்ள உலோகம் படத்தின் மேல் வெள்ளை நிழலாக விழும். ஒரு காதுத் தோடு மறுபுறத் தாடையில் மங்கலான இன்னொரு தோடாகத் தோன்றும். தோட்டைக் கழற்றுவார்கள், தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னால் சில பெண்கள் எழுந்து போய்விடுவார்கள். முன்பெல்லாம் அவர்களும் ‘படம் இல்லை’ தான். எங்கள் தாதி ஒருவர், சத்திரசிகிச்சைக்குப் போகும் பெண்களுக்கு வீட்டார் செய்வதை நினைவுபடுத்தினார். அன்றிலிருந்து என் மேசை லாச்சியில் மஞ்சள் பூசிய நூலும் சில மஞ்சள் துண்டுகளும் இருக்கின்றன. முதலில் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு, பிறகு கொடியைக் கழற்றி மாமியார் கையிலோ மகள் கையிலோ கொடுத்துவிட்டுக் கருவிக்குள் நிற்பார்கள். நூல் படத்தில் விழுவதில்லை.

எதிர்பாராத இடத்திலும் அந்த நிரல் உதவியது. படங்களை இருவர் தனித்தனியே வாசித்து, கோஹென் 1960 இல் வகுத்த கப்பா என்ற கணக்கால் உடன்பாட்டைப் பார்ப்போம். எலும்பு இழப்பின் தரத்தில் நானும் மற்ற வாசிப்பாளரும் பெரும்பாலும் ஒத்துப்போனோம். எந்தப் படம் வாசிக்கத் தகாதது என்பதில்தான் முரண்பட்டோம். நான் ஒதுக்கியவற்றைப் பிரித்துப் பார்த்தபோது, எலும்பு மிகவும் அழிந்து எல்லைக்கோடு கரைந்திருந்த படங்களே பலவாக இருந்தன. ஐயம் வந்ததும் ஒதுக்கிவிடும் என் எச்சரிக்கை உணர்வும், விதியைப்போலவே, நோயின் பக்கமே வெட்டியிருந்தது.

எட்டு மாதங்களுக்குப் பின் அந்த அம்மா மகளோடு மறுபடி வந்தார். ஆய்வுக்கு அவர் தேவைப்படவில்லை. வேறொரு பல்லைக் காட்ட வந்தவர், என்னைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி எக்ஸ்றே அறை வாசலில் நின்றார். சதைத்துண்டுப் பரிசோதனையில் புற்றுநோய் இல்லை என்றும், பாக்கை விட்டுவிட்டதாகவும், தொடர்ந்து கிளினிக்குக்குப் போவதாகவும் மகள் சொன்னார். அம்மா கைப்பையைத் திறந்து, றப்பர் பட்டி போட்ட ஐஸ்கிறீம் குச்சிக் கட்டு ஒன்றை எடுத்தார். வாய்ப் பயிற்சிக்குக் கொடுத்தது. கட்டைப் பற்களுக்கிடையே வைத்துக்கொண்டு, முடிகிறபோது நடுவில் இன்னொரு குச்சியைச் செருக வேண்டும்.

“மொத வாரம் ஒம்பது, இப்ப பதினொண்ணு போகுது மிஸ்,” என்றார்.

அளந்து பார்த்தேன். 23 மி.மீ. உணரியை நிறுத்த அதுவும் போதாது. அவருடைய பழைய வரியைத் தேடி, காரண நிரலுக்கு அருகே அன்றைய திகதியையும் அந்த அளவையும் எழுதினேன்.